நெகட்டிவில் எழுத எந்தப் பேனை?

குமிழ்முனைப் பேனையால் போட்டோ நெகட்டிவ் ஒன்றின் மேல் எழுதப் போனால் எழுத்து ஒழுங்காக விழாது. பேனையின் குண்டு வழுக்கும். இரண்டு எழுத்து விழுந்தால் மூன்றாவது விழாது. விழுந்த மையும் அடுத்த நாள் வரை விரலில் ஒட்டும். அதே பேனை கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதுகிறது. தாளில் எழுதும் பேனை பிலிமில் ஏன் எழுதுவதில்லை? எழுதக்கூடிய பேனை எது? அது பிலிமைக் கெடுக்காதா? மூன்று கேள்விகளுக்கும் விடை மையின் சேர்மானத்திலும் பிலிமின் அமைப்பிலும் இருக்கிறது.

அக்கராயன் போன்ற வன்னி ஊர்களில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் அவசரம் உண்டு. 1996 இல் போரால் கிளிநொச்சி நகரை விட்டு இடம்பெயர்ந்தவர்களில் பலர் அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கங்களில் தங்கினார்கள். 2008 இல் அக்கராயன் மக்களே இடம்பெயர்ந்தார்கள். அல்பம் பாரமானது, நெகட்டிவ் அப்படியல்ல. 36 படங்கள் கொண்ட ஒரு சுருளை ஆறு துண்டாக வெட்டி உறையில் இட்டால் மெல்லிய கொப்பி ஒன்றின் தடிப்புக்கும் வராது. அதனால் அல்பம் தொலைந்த பிறகும் நெகட்டிவ் மிஞ்ச இடமுண்டு. அல்பத்தில் படத்துக்குக் கீழே யாராவது பெயர் எழுதியிருப்பார்கள். நெகட்டிவில் அப்படி எதுவும் இல்லை. கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறிய முகத்தை, பெற்ற தாய்க்கும் உடனே அடையாளம் காண்பது சிரமம்.

எழுத்து ஏன் விழுவதில்லை

கடதாசி நார்களால் ஆனது. நார்களுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் உண்டு. மை அவற்றுக்குள் உறிஞ்சப்பட்டு அங்கேயே தங்கிவிடுகிறது. நாம் “காய்தல்” என்று சொல்வதில் பெரும்பங்கு உண்மையில் இந்த உறிஞ்சல்தான். பிலிமின் முதுகு பிளாஸ்ரிக். அதில் இடைவெளிகள் இல்லை. அதன் மேல் விழும் மை அங்கேயே கிடந்து, ஆவியாகிக் காய வேண்டும். குமிழ்முனைப் பேனையின் மையோ எண்ணெய்த்தன்மையான பசை. ஆவியாவதற்கு அதில் அதிகம் இல்லை. ஆகவே அது காயாமலே கிடக்கும். குண்டு உருள்வதற்கும் சிறிது சொரசொரப்பு வேண்டும். வழுவழுப்பான பரப்பில் அது உருளாமல் சறுக்குகிறது.

நீரில் கரைத்த மைகளுக்கு வேறொரு தடை இருக்கிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவாக இழுத்துப் பிடிக்கின்றன. இந்த இழுப்பே மேற்பரப்பிழுவிசை. பிளாஸ்ரிக் நீரை இழுக்கும் வலு இதைவிடக் குறைவு. எனவே நீர் பரவாமல் துளியாகத் திரண்டு நிற்கிறது. தாமரை இலையில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அற்ககோலின் மேற்பரப்பிழுவிசை நீரினதில் மூன்றிலொன்று அளவுக்கும் குறைவு. அது பிளாஸ்ரிக்கில் உடனே பரவும், உடனே ஆவியாகும். மார்க்கர் பேனைகள் பிளாஸ்ரிக்கில் எழுதுவதன் இரகசியம் இதுதான்.

ஒரு துண்டு, இரு பக்கம்

நெகட்டிவை வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் ஒரு பக்கம் மினுங்கும், மற்றது மங்கலாக இருக்கும். மினுங்கும் பக்கம் பிளாஸ்ரிக் முதுகு. 35 மில்லிமீற்றர் பிலிமில் இதன் தடிப்பு ஏறத்தாழ 0.13 மில்லிமீற்றர். மங்கலான பக்கத்தில் படம் இருக்கிறது. அங்கே மில்லிமீற்றரின் நூறில் ஓரிரு பங்கு தடிப்புள்ள ஜெலற்றின் படலம் பூசப்பட்டிருக்கும். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் அந்த ஜெலற்றினுக்குள் நுண்ணிய வெள்ளித் துகள்கள் படமாக நிற்கின்றன. நிற நெகட்டிவில் வெள்ளியை அகற்றிவிடுவார்கள். அதன் இடத்தில் சாயங்கள் இருக்கும்.

ஜெலற்றின் விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் புரதம். அது நீரை உறிஞ்சி ஊதும். பிலிமைக் கழுவும்போது இரசாயனங்கள் உள்ளே போய் வருவதற்கு இந்தக் குணம்தான் உதவுகிறது. இதிலிருந்து ஒரு பொறியும் பிறக்கிறது. முதுகில் வழுக்கிய நீர்மைப் பேனை மங்கல் பக்கத்தில் நன்றாகவே எழுதும். கடதாசி போல ஜெலற்றின் மையை உறிஞ்சிக்கொள்ளும். எழுதுபவர் மகிழ்ந்து போவார். ஆனால் உறிஞ்சிய சாயம் படத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது. பிறகு அதை வெளியே எடுக்க வழியில்லை. மை எங்கே இலகுவாகப் பிடிக்கிறதோ அங்கேதான் எழுதக் கூடாது.

முதுகில் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மினுங்கும் பக்கத்தைத் தன்பக்கம் பிடித்துப் பார்த்தால் இடம் வலம் சரியாகத் தெரியும். தொழிற்சாலை விளிம்பில் பதித்த எழுத்துகளும் இலக்கங்களும் நேராக வாசிக்கப்படும். மங்கல் பக்கத்தில் எழுதியது படம் அச்சாகும்போது கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறி வரும்.

ஒரு விதிவிலக்கு: 120 எனப்படும் அகலச் சுருள்களில் பிலிம் சுருண்டுகொள்ளாமல் இருக்க முதுகிலும் மெல்லிய ஜெலற்றின் பூசியிருப்பார்கள். அங்கே இரு பக்கமும் மையை உறிஞ்சும். அகலச் சுருளில் எழுதுபவர் இரட்டிப்புக் கவனம் எடுக்க வேண்டும்.

மைக்குள் மூன்று பேர்

பெரும்பாலான மைகளில் மூன்று பொருள்கள் உண்டு. நிறம் தருவது ஒன்று. அந்த நிறத்தைச் சுமந்து வரும் திரவம் இரண்டாவது. திரவம் போன பிறகு நிறத்தைப் பரப்போடு ஒட்டிவைக்கும் பசை மூன்றாவது. பேனையைப் பற்றிய எல்லாக் கேள்விகளையும் இந்த மூன்றில் ஒன்றிடம் கேட்கலாம்.

நிறம் இரண்டு வகைப்படும். திரவத்தில் முற்றாகக் கரைந்திருப்பது சாயம். கரையாமல் நுண்ணிய தூளாக மிதப்பது நிறத்துகள். சாயத்தின் மூலக்கூறுகள் தனித்தனியாக இருப்பதால் அவை இலகுவில் இடம் மாறும். ஈரலிப்பில் அருகிலுள்ள ஜெலற்றினுக்குள் ஊர்ந்து போகும். வெளிச்சம் பட்டால் உடைந்து வெளிறும். நிறத்துகள் ஒப்பீட்டளவில் பென்னம்பெரியது, ஊர்ந்து போகாது. ஒளி அதன் வெளிப்புறத்தை மட்டுமே தாக்கும். நிறத்துகள்களில் உறுதியானது காபன், அதாவது விளக்குக் கரி. ஒளியும் நீரும் அற்ககோலும் அதை அசைப்பதில்லை.

சுமக்கும் திரவம் எதுவென்று மூக்கே சொல்லும். மருத்துவமனை ஸ்பிரிட் போல மணத்தால் அற்ககோல். தலையை இடிக்கும் பெயின்ற் மணம் வந்தால் சைலீன் அல்லது தொலுவீன். பிந்தையவை பழைய காலத்து மார்க்கர்களிலும் தொழிற்சாலைப் பேனைகளிலும் இருக்கும். பிலிமுக்கு அருகே வரக்கூடாதவை. நகப்பூச்சு அகற்றும் திரவங்கள் பலவற்றில் உள்ள அசற்றோன் இன்னும் மோசம். பழைய பிலிம்களில் பெரும்பாலானவற்றின் முதுகு செலுலோசு அசற்றேற்றால் ஆனது. அசற்றோன் அதையே கரைத்துவிடும். பிழையாக எழுதியதை அழிக்கப் போய், எழுதிய இடமே இல்லாமல் போகும்.

பசையின் வேலை பிடித்து வைப்பது. மார்க்கர்களில் செயற்கைப் பிசின். படம் வரைவோர் தொட்டு எழுதும் இந்தியன் இங்கில் பெரும்பாலும் அரக்கு. நிறம் தருவது காபன்.

இங்கேதான் சிக்கல். பிளாஸ்ரிக்கில் நன்றாக ஒட்டும் அற்ககோல் மார்க்கர்களில் நிறம் பெரும்பாலும் சாயம். நிலைத்து நிற்கும் காபன் பேனைகளில் திரவம் பெரும்பாலும் நீர். ஒட்டுவது நிலைப்பதில்லை, நிலைப்பது ஒட்டுவதில்லை. நெகட்டிவுக்குப் பேனை தெரிவதென்பது இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் பிடிப்பதுதான்.

கழிவுத் துண்டில் ஒரு பரிசோதனை

ஒவ்வொரு சுருளின் தொடக்கத்திலும் முடிவிலும் படமில்லாத துண்டு ஒன்று இருக்கும். ஸ்ரூடியோக்காரர் வெட்டி எறிவது. அதில் ஒரு சாண் கிடைத்தால் பேனைகளைச் சோதிக்க வேறு கருவி வேண்டாம். கிளிநொச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ புத்தகக் கடையில் கிடைக்கும் ஐந்து பேனைகளை எடுத்துக்கொள்ளலாம்: குமிழ்முனை, ஜெல் பேனை, ஓ.எச்.பி. எனப்படும் வகுப்பறை ஒளியெறி கருவியின் தாளில் எழுதும் நிரந்தரப் பேனை, சீடியில் எழுதும் மார்க்கர், வரைபவர்கள் பாவிக்கும் 0.2 மில்லிமீற்றர் முனையுள்ள நிறத்துகள் பேனை. கடைசி வகைக்குப் பெயர்பெற்றது ஜப்பானின் சக்குரா நிறுவனம் 1980களில் கொண்டுவந்த பிக்மா. ஐந்தாலும் மினுங்கும் பக்கத்தில் ஒரே இலக்கத்தை எழுத வேண்டும்.

ஒரு நிமிடம் கழித்து விரலால் தேய்த்தால் குமிழ்முனையும் ஜெல்லும் இழுபடும். ஜெல் மை கோடாகக்கூட நிற்காமல் மணிமணியாகத் திரண்டிருக்கும். நிறத்துகள் பேனையும் இந்த நேரத்தில் இழுபடக்கூடும். ஓ.எச்.பி. பேனையும் சீடி மார்க்கரும் அசையா. இந்த இடத்தில் பரிசோதனையை நிறுத்துபவர்கள்தான் மார்க்கரே சிறந்ததென்று முடிவு கட்டுகிறார்கள்.

துண்டை ஒரு நாள் விட வேண்டும். பிறகு நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றிப் பார்த்தால் ஜெல் போய்விடும், மார்க்கர்கள் நிற்கும். நிறத்துகள் பேனை நன்றாகக் காய்ந்திருந்தால் நிற்கும். காயாமல் இருந்தால் படலமாக உரியும். அடுத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு. இப்போது காட்சி மாறும். “நிரந்தரம்” என்று மூடியில் எழுதியிருந்த மார்க்கர்கள் கரைந்து நீலமாகவோ ஊதாவாகவோ வழியும். அவை நீருக்குத்தான் நிரந்தரம். பஞ்சில் கறுப்பு மை ஊதாவாகத் தெரிந்தால், அந்தக் கறுப்பு பல சாயங்களின் கலவை என்று அறிந்துகொள்ளலாம். காபன் எப்படித் தேய்த்தாலும் கறுப்பாகவே இருக்கும்.

ஸ்பிரிட் சோதனை வீண் வேலை அல்ல. நெகட்டிவை ஸ்கேன் செய்யும் முன் அழுக்குத் துடைப்பவர்கள் பெரும்பாலும் ஐசோபுரொப்பைல் அற்ககோலைத்தான் பாவிக்கிறார்கள். விளிம்பிலுள்ள மார்க்கர் எழுத்தின் மேல் அந்தப் பஞ்சு ஒருமுறை பட்டால் மை படத்தின் குறுக்கே இழுபடும்.

கடைசிச் சோதனை பொறுமைக்கானது. எழுதிய துண்டின் மேல் இன்னொரு வெறுந்துண்டை, அதன் மங்கல் பக்கம் எழுத்தைத் தொடும்படி வைத்து, இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே மழைக்காலத்தில் ஒரு மாதம் விட வேண்டும். உறைக்குள் நெகட்டிவ்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும்போது நடப்பது இதுதான். குமிழ்முனை மை அடுத்த துண்டுக்குத் தாவியிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். சாயம் அதிகமுள்ள மார்க்கர்களும், குறிப்பாகச் சிவப்பும் நீலமும், நிழல் போலப் பதியக்கூடும்.

ஐந்திலும் குறை இருக்கிறது என்பதே முடிவு. குறை குறைந்தது எது? முழுதாகக் காய விடும் பொறுமை உள்ளவருக்கு நிறத்துகள் பேனை. பொறுமை இல்லாதவருக்கு ஓ.எச்.பி. பேனையில் மிக மெல்லிய முனையுள்ள நிரந்தரக் கறுப்பு. ஓ.எச்.பி. தாளும் பிலிம் போன்ற பிளாஸ்ரிக் என்பதால் ஸ்டெட்லர் லுமோகலர் போன்றவை அந்தப் பரப்புக்கென்றே செய்யப்பட்டவை. அந்தப் பேனைகளில் நீரில் அழியும் வகையும் உண்டு. ஆசிரியர்கள் வகுப்பறையில் விரும்பியது அதைத்தான். வாங்கும்போது மாறிவிடக் கூடாது. வெளிநாடுகளில் ஆவணக் காப்பகங்களுக்குப் பொருள் விற்கும் கடைகளில் பிலிமுக்கென்றே நிறத்துகள் மை ஊற்றிய பேனை கிடைக்கும். புலம்பெயர்ந்த உறவினர் ஊருக்கு வரும்போது சொக்லேற்றோடு அதில் ஒன்றையும் கொண்டுவரச் சொல்லலாம்.

தீங்கு பிந்தித் தெரியும்

இழுபடுவதும் தாவுவதும் கண்ணுக்குத் தெரியும். வெள்ளிக்குள் நடப்பது பல ஆண்டு கழித்தே தெரியும். கந்தகம் கலந்த பொருள் அருகே இருந்தால் வெள்ளிப் பாத்திரம் கறுப்பது போல நெகட்டிவிலுள்ள வெள்ளியும் மாறும். சில பசைகளும் மைகளும் வெளிவிடும் ஒட்சியேற்றும் வாயுக்கள் வெள்ளியைக் கரைத்து வெளிறச் செய்யும். நெகட்டிவ் கட்டைச் சுற்றிப் போடும் இறப்பர் வளையம் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தியது. அது இளகி ஒட்டுவதற்கு முன்பே கறை பிடித்திருக்கும்.

பொருள் ஒன்று படத்தைக் கெடுக்குமா என்பதைப் பல ஆண்டு காத்திராமல் அறிய ஒரு சர்வதேசச் சோதனை இருக்கிறது. அதன் தர எண் ஐ.எஸ்.ஓ. 18916. சோதிக்க வேண்டிய மையையோ உறையையோ, வெள்ளித் துகள் கலந்த ஜெலற்றின் துண்டோடும் போட்டோக் கடதாசியோடும் அழுத்தி, 70 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் 86 வீத ஈரலிப்பிலும் 15 நாள் வைக்கிறார்கள். வெள்ளி வெளிறியதா, கடதாசி கறைபட்டதா என்று அளக்கிறார்கள். அமெரிக்காவின் ரொச்செஸ்ரர் நகரிலுள்ள படநிலைப்பு ஆய்வு நிறுவனம் இத்தகைய சோதனைகளில் முன்னணியில் நிற்கிறது. பேனையின் அட்டையில் “காப்பகத் தரம்” என்று அச்சிடுவதை எந்த நிறுவனமும் செய்யலாம். இந்தச் சோதனையில் தேறியதென்று குறிப்பிட்டிருந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பெறுமதி.

வெப்பமும் ஈரலிப்பும் சோதனைக் கூடத்தில் மட்டும் இல்லை. அக்கராயனில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் தை வரை வாடைக்காற்றோடு வருகிறது. அந்த மாதங்களில் ஜெலற்றின் ஊதிப் பிசுபிசுக்கும், பூஞ்சணம் பிடிக்கும், முதுகில் எழுதிய மையும் மெதுவாகவே காயும். அசற்றேற்று முதுகுக்கு இன்னொரு நோய் உண்டு. காலப்போக்கில் அது தானாகவே சிதைந்து வினாகிரி மணக்கும் அமிலத்தை வெளிவிடும். ரொச்செஸ்ரர் நிறுவனத்தின் கணிப்பின்படி, 21 பாகை செல்சியஸிலும் 50 வீத ஈரலிப்பிலும் வைத்த புதிய அசற்றேற்றுப் பிலிமில் இது தலைகாட்ட ஏறக்குறைய 40 ஆண்டு எடுக்கும். வெப்பமும் ஈரலிப்பும் கூடினால் காலம் வேகமாகச் சுருங்கும். பெட்டியைத் திறக்கும்போது வினாகிரி மணம் வந்தால் பேனையைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. அந்த நெகட்டிவை முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும்.

எழுத உகந்த காலம் சோளகக் காற்று வீசும் உலர்ந்த மாதங்கள்.

கண்ணாடியில் எழுதிய வானியலாளர்

நெகட்டிவின் மேல் எழுதுவதில் உலகிலேயே அதிக அனுபவம் உள்ளவர்கள் படப்பிடிப்பாளர்கள் அல்லர், வானியலாளர்கள். பிலிம் பரவும் முன் அவர்கள் கண்ணாடித் தட்டில் ஜெலற்றின் பூசிப் படம் எடுத்தார்கள். அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வகத்தில் இப்படி ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகள் சேர்ந்தன. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அங்கே கணக்கிடும் பணியில் அமர்த்தப்பட்ட பெண்கள், ஹென்றியேற்றா லீவிற் உட்பட, ஒளி மாறும் விண்மீன்களைத் தட்டிலேயே மையால் வட்டமிட்டும் அம்புக்குறியிட்டும் இலக்கமிட்டும் வேலை செய்தார்கள். அவர்கள் எழுதியது வெறுங்கண்ணாடிப் பக்கத்தில். ஜெலற்றின் பக்கத்தை மை தொடவில்லை.

பின்னர் அந்தத் தட்டுகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கியபோது இந்த ஒழுக்கம் பயன்பட்டது. முதலில் குறிப்புகளோடு தட்டைப் படம் பிடித்தார்கள். பிறகு கண்ணாடிப் பக்கத்து மையைத் துடைத்துவிட்டு விண்மீன்களை ஸ்கேன் செய்தார்கள். லீவிற் போன்றோரின் கையெழுத்துள்ள சில தட்டுகளைத் துடைக்காமலே வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் அறிவியல், மறு பக்கம் வரலாறு. எழுதிய பக்கம் சரியானதால் இரண்டும் தப்பின.

தமிழகத்தின் கொடைக்கானல் வானாய்வகமும் 1904 தொடக்கம் நூறாண்டு காலம் சூரியனைத் தட்டிலும் பிலிமிலும் பதிவு செய்தது. சூரியனின் படத்தில் தேதியும் நேரமும் இல்லாவிட்டால் அது வெறும் வட்டம். எல்லா நாளும் சூரியன் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் தெரியும். அடையாளக் குறிப்பு இல்லாத நெகட்டிவுக்கு எவ்வளவு பெறுமதி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. அக்கராயன் குளக்கட்டில் எடுத்த படத்துக்கும் இதே கதிதான்: எந்த ஆண்டு, எந்த வெள்ளம் என்று தெரியாவிட்டால் அது வெறும் தண்ணீர்.

மை இல்லாத எழுத்து

மையே வேண்டாம் என்று நினைத்தவர்களும் உண்டு. 1914 இல் கொடக் நிறுவனம் “ஓட்டோகிராபிக்” என்ற கமெராவை விற்பனைக்கு விட்டது. ஹென்றி கெயிஸ்மன் என்பவரிடமிருந்து மூன்று இலட்சம் டொலருக்கு வாங்கிய கண்டுபிடிப்பு அது. கமெராவின் முதுகில் ஒரு சிறு கதவு. அதைத் திறந்து, பிலிமின் பின்னுள்ள கடதாசியில் உலோகக் குச்சியால் எழுதி, சில விநாடி வெளிச்சம் காட்டினால், எழுதிய கோடுகள் வழியே ஒளி போய் பிலிமில் படும். கழுவிய பிறகு படங்களுக்கிடையே எழுத்தும் படமாகவே நிற்கும். ஊர்ந்து போகவோ உரிந்து போகவோ அங்கே மை இல்லை. படம் எடுத்த அதே நிமிடத்தில், எடுத்தவரே எழுதும் குறிப்பு. 1932 இல் இதை நிறுத்திவிட்டார்கள். பாவித்தவர்கள் குறைவு என்பதைத் தவிர இதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஸ்ரூடியோக்காரர்கள் ஊசியால் கீறினார்கள். நெகட்டிவின் கரிய மூலை ஒன்றில் இலக்கத்தைக் கண்ணாடி எழுத்தாகக் கீறினால் அந்தக் கோட்டில் ஜெலற்றின் போய்விடும். அச்சில் அது கறுப்பு இலக்கமாக வரும். ஓலையில் எழுத்தாணியால் கீறிய முறைக்கு நெருங்கிய உறவு இது. ஓலையில் கீறல் தெரிவதற்குக் கரி பூசினார்கள், இங்கே ஒளியே கரியாகிறது. பெரிய அளவு நெகட்டிவ்களில் முகத்தின் தழும்பையும் சுருக்கத்தையும் மறைக்க அவர்கள் பென்சிலால் மங்கல் பக்கத்திலேயே வரைந்ததும் உண்டு. அதற்கென்று ஒரு பூச்சுத் திரவமும் பழகிய கையும் இருந்தன. அதைப் பார்த்து வீட்டில் யாரும் பென்சிலைக் கொண்டு மங்கல் பக்கத்துக்குப் போகக் கூடாது.

இரண்டு மில்லிமீற்றரில் எவ்வளவு எழுதலாம்

35 மில்லிமீற்றர் பிலிமில் படத்தின் உயரம் 24 மில்லிமீற்றர். மிஞ்சிய 11 மில்லிமீற்றரில் இரு கரையிலும் துளைகள் ஓடுகின்றன. துளைக்கும் விளிம்புக்கும் நடுவே கிடைப்பது 2 மில்லிமீற்றர். அதிலும் தொழிற்சாலை பதித்த இலக்கங்கள் ஆங்காங்கே இடம்பிடித்திருக்கும். சாதாரண மார்க்கரின் முனையே 1 மில்லிமீற்றர். அதால் எழுதினால் எழுத்து துளைக்குள் விழும். 0.2 அல்லது 0.25 மில்லிமீற்றர் முனையால் ஒன்றரை மில்லிமீற்றர் உயரத்தில் இலக்கம் எழுதலாம். “பெரிய மாமா, அத்தை, அக்கராயன் குளக்கட்டு, மாரி” என்று எழுத முடியாது.

எழுதவும் தேவையில்லை. விளிம்பில் படத்துக்குப் படம் இலக்கம் ஏற்கனவே இருக்கிறது: 11, 12, 13. எழுத வேண்டியது சுருளின் அடையாளம் மட்டும். 1996 இல் எடுத்த மூன்றாவது சுருள் என்றால் 9603 போதும். அதை ஆறு படத் துண்டு ஒவ்வொன்றிலும் ஒருமுறை எழுதினால், 36 படச் சுருள் முழுவதற்கும் ஆறு தடவைதான் பேனை பிலிமைத் தொடுகிறது. நான்கு இலக்கத்துக்கு ஐந்தாறு மில்லிமீற்றர் நீளம். இனி 9603-12 என்றால் உலகில் ஒரே ஒரு படம். பெரிய மாமாவும் அத்தையும் குளக்கட்டும் கடதாசியில் இருக்கட்டும். ஒரு கொப்பியில் 9603-12 க்கு நேரே எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். பெயர்களை இடமிருந்து வலமாக எழுதுவது முக்கியம். பேனையைப் பற்றிய பாதிப் பிரச்சினை, எழுதுவதைக் குறைத்தாலே தீர்ந்துவிடுகிறது.

எழுதும்போது துண்டைக் கரைகளில் மட்டும் பிடித்து, சுத்தமான வெள்ளைக் கடதாசியின் மேல் மங்கல் பக்கம் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். கடதாசியின் கீழே கண்ணாடித் தட்டு போன்ற சமமான பரப்பு வேண்டும். பேனையை அழுத்தக் கூடாது. அழுத்தினால் முதுகில் விழும் பள்ளம் ஜெலற்றின் வரை போகும். எழுதிய துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்று படாமல், தூசு படாமல் ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும்.

உறையில் பென்சில்

கடதாசி உறைக்குப் பேனை தேவையில்லை. 2பி போன்ற மென்மையான பென்சில் போதும். பென்சிலின் கிராபைற்றும் காபன்தான். ஊராது, வெளிறாது, தண்ணீரில் கரையாது. 2018 மார்கழியில் கிளிநொச்சி மாவட்டத்தில் வந்த வெள்ளம் போன்ற ஒன்றில் நனைந்தாலும் பென்சில் எழுத்து நிற்கும், ஊற்றுப்பேனை எழுத்து ஓடிவிடும். உறையில் எழுதுவதை நெகட்டிவை உள்ளே வைக்கும் முன்பே செய்து முடிக்க வேண்டும். உள்ளே வைத்துவிட்டு எழுதினால் பென்சிலின் அழுத்தம் படத்தில் பதியும்.

பசைத் துண்டில் எழுதி பிலிமில் ஒட்டுவது, செலோரேப் போடுவது இரண்டும் கூடாது. அவற்றின் பசை இந்த வெப்பத்தில் இளகி மஞ்சளாகிப் பரவும். பீ.வீ.சீ. உறைகள் அமிலத்தை வெளிவிட்டு ஒட்டிக்கொள்ளும். பொலிபுரொப்பிலீன், பொலியெஸ்ரர் உறைகள் பாதுகாப்பானவை. சாதாரண சொப்பின் பையின் பொலித்தீனில் இரசாயனத் தீங்கு இல்லாவிட்டாலும், அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். மழைக்காலத்தில் இறுகக் கட்டிய பைக்குள் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். நனைந்துபோன நெகட்டிவ்களை உறையோடு காயவிட்டால் ஜெலற்றின் உறையில் ஒட்டிவிடும். அவற்றைச் சுத்தமான குளிர்ந்த நீரில் வைத்து, ஓரிரு நாளுக்குள் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடியில் தொங்கவிட வேண்டும். அப்போது உறையிலுள்ள குறிப்பும் நெகட்டிவும் பிரிந்து போகும். விளிம்பில் எழுதிய நான்கு இலக்கங்களுக்கு வேலை வருவது அந்த நாளில்தான்.

இலக்கமிட்டு முடித்த சுருள்களை ஸ்கேன் செய்யும்போது கோப்புக்கும் அதே எண்ணையே பெயராக வைப்பது நல்லது. 2005 இல் தொடங்கிய நூலக நிறுவனம் இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களோடு படங்களையும் ஒலிப்பதிவுகளையும் “ஆவணகம்” என்ற தளத்தில் சேர்த்துவருகிறது. அங்கே கொடுப்பதானாலும் வீட்டிலேயே வைத்திருப்பதானாலும் படத்தோடு கொப்பியின் பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்ய வேண்டும். வாங்க வேண்டியவை இவ்வளவுதான்: 0.2 மில்லிமீற்றர் முனையுள்ள கறுப்பு நிறத்துகள் பேனை ஒன்று, 2பி பென்சில் ஒன்று, கோடு போட்ட கொப்பி ஒன்று.